வெள்ளைக் கல் ஏன் சொல் கேட்பதில்லை?

மாங்குளத்திலிருந்து ஒரு மாணவன் கேட்டிருந்தான்: “சேர், குளக்கட்டடியில் கிடந்த வெள்ளைக் கல்லை அடித்துக் கற்கத்தி செய்யப் பார்த்தேன். நொறுங்கித்தான் போகிறது. ஏன்?”

கைப்பிழை பாதி, கற்பிழை பாதி, தம்பி. அது குவார்ட்ஸ்.

யன்னல் கண்ணாடியில் சைக்கிள் போல்ஸ் (சிறு உருக்குக் குண்டு) ஒன்று வேகமாகப் பட்டால் முன்பக்கம் சிறு ஓட்டை, பின்பக்கம் அகன்ற பள்ளம். தெறித்து விழுந்த துண்டு ஒரு கூம்பு. அதிர்வெண்ணின் அலகாகப் பாடப்புத்தகத்தில் நிற்கிறாரே ஹேர்ட்ஸ், அவர்தான் 1882 இல் இரு திண்மங்கள் தொட்டு அழுத்தும்போது விசை எப்படிப் பரவும் என்று கணக்கெழுதினார். கூம்புக்கும் அவர் பெயரே. இனி அடியை நடுவில் போடாமல் விளிம்பருகே போடு. கூம்பின் பெரும்பகுதிக்குக் கல்லே இல்லை. மிச்சக் கீற்று மட்டும் உள்ளே ஓடி, ஒரு சில்லை உரித்தெடுக்கிறது. சில்லின் உட்பக்கத்தில், அடி விழுந்த இடத்தின் கீழே விரலால் தடவினால் சின்னப் புடைப்புத் தட்டுப்படும். அதுதான் அந்த அரைக் கூம்பு! இதை முதன்முதல் தடவிய நாளில் நான் சோறு உண்ண மறந்தேன். விளிம்பின் கோணம் 90 பாகைக்குக் குறைய வேண்டும். கூடினால் விரிசலுக்கு வெளியேற வழியில்லை.

சக்கிமுக்கிக்கல்லில் பளிங்குமணிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவை. விரிசல் தங்குதடையின்றி ஓடும். வன்னியின் வெள்ளைக் கல்லிலோ பழைய வெடிப்புகள் நிறைய. விரிசல் அவற்றின் வழியே திசைமாறிவிடும். சந்தையில் பானையைச் சுண்டிப் பார்ப்பதுபோலக் கல்லையும் தட்டிப் பார். கணீரென்றால் எடு, மொத்தென்றால் விடு. கிளிநொச்சிப் பக்கத்து இரணைமடுச் சரளைப் படிவுகளில் கிடைத்த கற்கருவிகளிலும் குவார்ட்ஸ் உண்டு. பொல்லாத கல்லையும் வசப்படுத்தியவர்கள் அந்தக் கற்கால மனிதர்கள். உலகின் பல ஊர்களில் இத்தகைய கருவிகளை இடியோடு விழுந்தவை என்று பூசையில் வைத்தார்கள். செய்த மனிதனின் கெட்டித்தனத்தை வானத்துக்குத் தாரைவார்ப்பது எனக்குப் பிடிப்பதில்லை. தொல்லியல் ஆய்வில் அரசர் காலத்துச் செங்கல்லுக்குச் செலவழிக்கும் காசில் கொஞ்சம் இந்தச் சில்லுகளுக்கும் வரலாம்.

நீ போத்தலின் தடித்த அடிக் கண்ணாடியில் தொடங்கு. அடிக்க உள்ளங்கைக்கு அடங்கும் உருண்டைக் கல். விளிம்பை அழுத்திச் சீவ, மரப்பிடியில் செருகிய தடித்த செப்புக் கம்பி. அதற்கென்று மான் கொம்பு தேடிக் காட்டுக்குள் போகாதே. தொடையில் தடித்த தோல், கண்ணுக்குக் கண்ணாடி, வேலை திறந்த வெளியில்: கல் தூசு நுரையீரலைத் தின்னும். பழைய கருவி கண்ணில் பட்டால் தொடாமல் தொல்லியல் திணைக்களத்துக்குச் சொல்.

சாக்கில் சேர்ந்த சில்லுகளை வீட்டுக் குப்பைக்கிடங்கில் புதைக்கும்போது இந்த ஆண்டு நாணயம் ஒன்றையும் போடு. பின்னொரு காலம் தோண்டுபவர் உன்னைக் கற்காலத்தவன் என்று எழுதிவிடக் கூடாது.