"பாசிட்டிவா யோசி" என்று சொல்லி அனுப்பாதீர்கள்

"எல்லாம் மனசுதான், பாசிட்டிவா யோசி, சரியாயிடும்." ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர் வீட்டில் இதைக் கேட்டுக் கேட்டு நொந்துபோய்த்தான் வருகிறார்கள். பிளஸ் டூ ரிசல்ட் வரும் வாரங்களில் கேட்கவே வேண்டாம். தயவுசெய்து இதை நிறுத்துங்கள்.

'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று ஆழமாக நம்புகிறவரை, தினமும் கண்ணாடி முன் நின்று 'நான் திறமைசாலி' என்று சொல்லச் சொன்னால் என்ன ஆகும்? "அப்படியா? போன மாசம் என்ன கிழிச்சே?" என்று உள்ளுக்குள்ளேயே பதில் வரும். கனடாவில் உளவியலாளர் ஜோஆன் வுட் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்பு குறைந்தவர்கள் 'நான் அன்புக்குரியவன்' என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது, சொல்லாதவர்களைவிட மனநிலை மோசமானது. ஏற்கெனவே தன்மதிப்பு உள்ளவர்களுக்குத்தான் கொஞ்சம் பலன் கிடைத்தது. அதாவது, தேவைப்படுகிறவருக்கே இது உதவவில்லை.

1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கிய சிகிச்சை முறை வேறு வழியில் போகிறது: 'லாயக்கில்லை' என்ற நம்பிக்கையைப் புகழ்ச்சியால் மூடாதே, அதற்கு ஆதாரம் கேள். கேட்பதும் மனதுக்குள் இல்லை, தாளில். மனதுக்குள் செய்தால் அது வெறும் அசைபோடல்தான்.

மேலதிகாரிக்கு அனுப்பிய வாட்ஸ்அப்புக்கு நீல டிக் வந்தும் பதில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் ஒரு வரியில் எழுதுங்கள். அடுத்து உணர்ச்சி, நூற்றுக்கு எவ்வளவு: பயம், 80. ஓடிய எண்ணம்: 'என்னை அவருக்குப் பிடிக்கவில்லை, வேலை போய்விடும்.' ஆதரவான ஆதாரம்: பதில் இல்லை. எதிரான ஆதாரம்: போன வாரமும் இரவில்தான் பதில் போட்டார், புது வேலையை என்னிடம்தான் கொடுத்தார். முடிவு: 'காரணம் தெரியாது, நாளை 11 மணிக்கு நேரில் கேட்பேன்.' இப்போது பயம் எவ்வளவு? 55. போதும். பூஜ்யத்தை எதிர்பார்த்துத்தான் பலர் நோட்டை மூன்றாம் நாளே தூக்கிப் போடுகிறார்கள்.

இன்னொரு தவறு, 'எனக்கு அப்படித் தோணுது' என்பதை ஆதாரப் பத்தியில் எழுதுவது. அது ஆதாரம் இல்லை. வழக்கறிஞர் நீதிமன்றத்தில் காட்டக்கூடியதை மட்டும் எழுதுங்கள்.

பிறரைப் பற்றிய நம்பிக்கைக்கு எழுதினால் மட்டும் போதாது. 'யாரையும் நம்ப முடியாது' என்கிறவர் எதையும் பகிரமாட்டார், பழகுகிறவர்கள் மெல்ல விலகுவார்கள், 'பார்த்தாயா!' என்று நம்பிக்கை இன்னும் இறுகும். இதை உடைக்கச் சிறிய பரிசோதனை வேண்டும். ஒருவரிடம் சின்ன உதவி கேளுங்கள். உதவி கேட்பதற்கு முன்பே, என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்களோ அதை எழுதி வையுங்கள், நடந்ததைப் பிறகு எழுதுங்கள். முன்னதை எழுதாவிட்டால், 'எனக்கு அப்பவே தெரியும்' என்று மனசு கணக்கை மாற்றிவிடும்.

வீட்டில் அடி விழுகிறது என்றால், 'இங்கே எனக்குப் பாதுகாப்பில்லை' என்பது திரிந்த எண்ணம் அல்ல, உண்மை. அங்கே நோட்டு வேண்டாம்; பெண்கள் உதவி எண் 181-ஐ அழைக்கலாம். சோர்வும் தூக்கமின்மையும் இரண்டு வாரம் தாண்டினால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அவர் தரும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் உடனே 14416 (அரசின் மனநல உதவி எண்) அல்லது 104 (தமிழக அரசின் மருத்துவ உதவி எண்) அழையுங்கள்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை "நான் வேஸ்ட்" என்று சொன்னால், "அப்படிப் பேசாதே" என்று வாயை அடைக்காதீர்கள். "எப்போலேர்ந்து அப்படித் தோணுது? என்ன நடந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பக்கத்தில் உட்காருங்கள்.