ஸ்டோல்: நின்றுபோவது எஞ்சின் அல்ல

நல்லூர்த் திருவிழா நேரம் வீதியோரம் முளைக்கிற கடையும் ஸ்டோல் (stall) தான். கிளச்சைச் சட்டென்று விட்டதும் கார் குலுங்கி நின்றால் அதுவும் ஸ்டோல்தான். அதனால் ‘விமானம் ஸ்டோல் ஆகி விழுந்தது’ என்று கேட்டவுடன் எஞ்சின் நின்றுவிட்டது என்றே பலரும் விளங்கிக்கொள்கிறார்கள். உண்மையில் எஞ்சின் முழு வலுவில் உறுமும்போதும் விமானம் ஸ்டோல் ஆகும்.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் நிற்கும் இடத்தை, முக்கியமாக மாடு குதிரை கட்டும் கொட்டிலைக் குறித்தது. பிறகு சேற்றில் புதைந்து நின்ற வண்டிக்கு வந்தது. அப்புறம் எஞ்சினுக்கு, கடைசியில் சிறகுக்கு.

சிறகில் நடப்பது என்ன? வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏற்றுகிறவர்களுக்கு இது கைப்பழக்கம். முச்சை, அதாவது பட்டத்தை நூலோடு பிணைக்கும் கட்டு, பிழைத்துப் பட்டத்தின் முகம் அளவுக்கு மிஞ்சி நிமிர்ந்துவிட்டால், எவ்வளவு காற்று அடித்தாலும் அது ஏறாது. முடிச்சை ஒரு விரலளவு நகர்த்தினால் போதும், பட்டம் ஏறி, அதில் கட்டிய விண் என்ற ஒலிநார் கூவத் தொடங்கிவிடும். விமானச் சிறகும் அப்படித்தான். எதிர்க்காற்றோடு அது அமைக்கும் கோணம் ஏறத்தாழ 15 பாகையைத் தாண்டினால், மேற்புறக் காற்று சிறகைத் தழுவாமல் பிரிந்துவிடும். தூக்குவிசை சரியும்.

வேகம் குறைந்தாலும் சரி, சரிந்து திரும்பினாலும் சரி, உயரத்தைக் காக்கச் சிறகை மேலும் நிமிர்த்தவேண்டும். அதனால் திருப்பங்களில் இது கூடிய வேகத்திலேயே வந்துவிடும். ஒரு சிறு விமானம் நேராகப் பறக்கையில் மணிக்கு 70 கிலோமீற்றரில் ஸ்டோல் ஆகும் என்று வைப்போம். உயரம் குறையாமல் 30 பாகை சரிந்து திரும்பினால் அது 75 ஆகும். 45 பாகையில் 83. 60 பாகையில் 99. இறங்குமுன் வரும் கடைசித் திருப்பத்தில் ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிவிட்ட விமானி, காலால் சுக்கானைத் திருப்பத்தின் உள்பக்கம் அழுத்தி, மூக்கை நிமிர்த்தக் கையால் பிடியைப் பின்னுக்கு இழுப்பார். உள்பக்கச் சிறகு முதலில் கைவிடும். விமானம் அந்தப் பக்கம் புரண்டு சுழலும். மீட்க உயரம் இருக்காது. இழுப்பைத் தளர்த்தி மூக்கைத் தாழ்த்துவதே மருந்து. தவறிய திருப்பம் என்றால் மேலே ஏறி இன்னொரு சுற்று வரவேண்டும்.

ஆகவே ‘நின்றுபோதல்’ என்று பெயர்ப்பது பிழை. பயில்கிறவரின் கவனத்தை அது எஞ்சின் பக்கம் திருப்பிவிடும். ‘தூக்கிழப்பு’ சுருக்கம்தான், ஆனால் தூக்கு என்றதும் கயிறு நினைவுக்கு வருகிறது. ‘தூக்குவிசை இழப்பு’ என்றே முழுதாகச் சொல்வோம்: ‘சரிந்து திரும்பும்போது பிடியை அளவுக்கு மிஞ்சி இழுத்தால் தூக்குவிசை இழப்பு நேரும்.’