ஒழுங்குக் கோவை

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் கைமாறும் கணினிப் பாடக் குறிப்புகளில் ‘வழக்கமான வெளிப்பாடு’ என்ற சொற்றொடர் அடிக்கடி கண்ணிற்படுகிறது. ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ என்பதற்கு மொழிபெயர்ப்பு இயந்திரம் தந்த பெயரை எவரும் திருத்தவில்லை.

எழுத்து, இலக்கம், குறி, இடைவெளி எனக் கணினி தனித்தனியே எண்ணும் ஒவ்வோர் அலகும் வரியுரு; வரியுருக்களின் தொடர் சரம். சரமொன்றில் எத்தகைய வரியுருக்களைத் தேடுவது என்பதைக் குறிகளால் எழுதும் விதியே இது. தொலைபேசி இலக்கமொன்றில் புகுந்த இடைக்கோட்டையும் இடைவெளியையும் களைய, ‘0 முதல் 9 வரை அல்லாதவை’ எனப் பொருள்படும் [^0-9] என எழுதி, பொருந்துபவற்றை வெற்றுச் சரத்தால் மாற்றீடு செய்தாற் போதும். இலத்தீன் ‘ரெகுலா’ அளவுகோலையும் விதியையும் குறிக்கும். கணிதவியலாளர் ஸ்டீபன் கிளேனி 1951இல் இக்கருத்தைக் கணிதத்தில் வகுத்தார். கணினி அறிஞர் கென் தாம்சன் 1968இல் அதை உரைத் தேடலுக்கான வழிமுறையாக வெளியிட்டார்.

ஆக, இங்கே பேசப்படுவது விதி, வழக்கமன்று. காலையில் தேநீர் குடிப்பது வழக்கம். வெளிப்பாடோ உள்ளிருக்கும் உணர்வு வெளியே தெரிவது. [^0-9] எந்த உணர்வை வெளிப்படுத்துகிறது? சம பக்கங்களும் சம கோணங்களும் கொண்ட உருவை ‘ஒழுங்கான பல்கோணி’ என்றும், குறிகளால் அமைந்த தொடரை ‘அட்சரகணிதக் கோவை’ என்றும் நம் பாடநூல்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்க, அவ்விரண்டையும் படித்துத் தேறியவரே கணினியின் முன் அமர்ந்ததும் வெளிப்பாட்டைத் தேடிப் போவது எனக்கு விளங்கவில்லை. ‘சுருங்குறித்தொடர்’ என்பாரும் உளர். அது நல்ல தமிழ்தான். ஆயினும் சுருக்கம் இதன் இலக்கணமன்று, மூன்று வரிக்கு நீளும் கோவைகளும் உண்டு. ‘ஒழுங்குக் கோவை’ என்பதே பொருந்தும். கோவை என்றதும் தமிழகத்தார்க்குக் கோயம்புத்தூர் நினைவுக்கு வரலாம். அதற்காக நாம் சொல்லை விட வேண்டியதில்லை.

‘வரியுரு’ என்னும் சொல்லையும் இக்குறிப்புகள் கைவிட்டு, ‘தேவையற்ற எழுத்துகளை நீக்குக’ என்கின்றன. இது வெறும் நடைக்குற்றமன்று. ‘ட்’ நமக்கு ஓரெழுத்து. கணினி எழுத்துக்குறி முறையான யுனிகோட்டிலோ அகரமேறிய ‘ட’வும் புள்ளியுமாக இரண்டு வரியுருக்கள். எழுத்தென்றே எண்ணிய மாணவர், தமிழல்லாதவற்றைக் களைய [^அ-ஹ] என எழுதினால், ‘மட்டக்களப்பு’ என்பது ‘மடடககளபப’ என்றாகிவிடும்; புள்ளியும் உகரக் குறி முதலான உயிர்க்குறிகளும் அந்த வீச்சுக்கு வெளியே நிற்பவை. அவற்றையும் ஆய்தத்தையும், சொற்கள் ஒட்டிக்கொள்ளாதிருக்க இடைவெளியையும், அடைப்புக்குள் சேர்த்தெழுத வேண்டும்.