குப்பைக் கிடங்கை விரிவாக்கும் முன் பழைய மேட்டைச் சோதியுங்கள்

கிடங்கு நிரம்பிவிட்டது, பக்கத்தில் காலியிடம் இருக்கிறது, அங்கே கொட்டலாம். காலியிடம் இல்லையா, மேலே இன்னும் பத்து மீட்டர் ஏற்றலாம். விரிவாக்கக் கோப்புகள் பெரும்பாலும் இந்தக் கணக்கோடுதான் என் மேசைக்கு வருகின்றன. புதிதாக எடுக்கும் இடத்துக்கு மண் பரிசோதனை, வரைபடம், நீரோட்டத் திசை எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். ஏற்கெனவே நிற்கும் மேட்டைப் பற்றி மட்டும் ஒரே ஒரு பத்தி. ஆபத்து பெரும்பாலும் அந்தப் பத்திக்குள்தான் இருக்கிறது.

பழைய குப்பை சும்மா கிடப்பதில்லை. அழுகுகிறது, சூடாகிறது, வாயு விடுகிறது, மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதன் தலையில் எடை ஏற்றினாலும், காலடியில் பள்ளம் தோண்டினாலும் இத்தனை நாள் இருந்த சமநிலை மாறிவிடும். 1996 மார்ச்சில் அமெரிக்காவின் சின்சினாட்டி அருகே இருந்த ரம்ப்கி கிடங்கில் பக்கவாட்டு விரிவாக்கத்துக்காக மேட்டின் அடிவாரத்தை ஆழமாக வெட்டியிருந்தார்கள். பத்து லட்சம் கன மீட்டருக்கும் அதிகமான குப்பை சரிந்து அந்தப் பள்ளத்துக்குள் இறங்கியது. உயிர்ச்சேதம் இல்லை. எல்லா இடத்திலும் அப்படித் தப்ப முடியவில்லை. 2000 ஜூலையில் பிலிப்பைன்ஸின் பயாட்டாஸில் அடைமழைக்குப் பின் மேடு சரிந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் புதைந்தார்கள். 2005 பிப்ரவரியில் இந்தோனேசியாவின் லியூவிகஜாவில் சரிந்த குப்பை ஏறத்தாழ 900 மீட்டர் தூரம் பாய்ந்தது. 2017 ஏப்ரலில் கொழும்பின் மீதொட்டமுல்லையில் மேடு வீடுகளின் மேல் விழுந்தது.

ஆகவே நான் முதலில் கேட்பது மேட்டின் உயரத்தை அல்ல, அதற்குள் நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்பதை. குப்பையில் துளையிட்டு பீசோமீட்டர் என்ற நீரழுத்தம் அளக்கும் கருவியை இறக்கினால் இது தெரிந்துவிடும். ஒரே துளையில் நின்றுவிடக் கூடாது. குப்பைக்கு நடுவே போட்ட மண் அடுக்குகளின் மேல் நீர் தனித்தனியாகத் தேங்கியிருக்கும். பத்து மீட்டர் தள்ளி அளந்தால் வேறு மட்டம் காட்டும். உள்ளே நீர் அழுத்தம் ஏற ஏறக் குப்பையின் பிடிமானம் குறைகிறது. 1997இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தோன்யா ஹுவானா கிடங்கு சரிந்ததற்கு, கசிவுநீரை (குப்பையில் ஊறி வடியும் அழுக்கு நீரை) மறுபடி குப்பைக்குள்ளேயே செலுத்தியதால் ஏறிய அழுத்தம் முக்கியக் காரணம். எடை ஏற்றும் முன் நீரை வடிக்க வேண்டும். அடிவாரத்தை வெட்டியே ஆக வேண்டுமென்றால் மழையில்லாத மாதங்களில், சிறு சிறு துண்டாக, வெட்டிய பகுதியை உடனே நிரப்பிக்கொண்டே போக வேண்டும். சரிவுப் பாதுகாப்புக் கெழு, அதாவது சரிவைத் தாங்கும் வலிமை சரிக்கும் விசையைப் போல் எத்தனை மடங்கு என்ற எண், நீண்ட காலத்துக்கு 1.5க்குக் குறையாமல் இருப்பது வழக்கமான எதிர்பார்ப்பு. எந்த நீர்மட்டத்தை வைத்து அந்த 1.5 வந்தது என்று பாருங்கள். வறண்ட மேடு என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்குகள் ஏராளம்.

'குப்பைக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பு போடுகிறோமே' என்பார்கள். விரிப்பு கசிவைத் தடுக்கும், சரிவைத் தடுக்காது. சில நேரம் அதுவே வழுக்குத்தளம் ஆகிவிடும். 1988இல் கலிபோர்னியாவின் கெட்டில்மன் ஹில்ஸ் நச்சுக்கழிவுக் கிடங்கில் நடந்தது அதுதான்: ஈரக் களிமண்ணுக்கும் வழவழப்பான எச்டிபிஇ (அடர் பாலித்தீன்) விரிப்புக்கும் இடையே பிடிப்பு போய், நிரப்பிய கழிவு வழுக்கிக்கொண்டு போனது. பழைய குப்பையின் மேலேயே புது விரிப்பு போடும் திட்டமென்றால் இன்னொரு சிக்கல். கீழே இருப்பது சமமாக அமுங்காது. வடிகாலுக்காக வைத்த சாய்வு சில ஆண்டுகளில் எதிர்த்திசைக்குத் திரும்பி, கசிவுநீர் நடுவில் குளமாகிவிடும். விரிப்பின் மேல் கசிவுநீர் 30 சென்டிமீட்டருக்கு மேல் நிற்கக் கூடாது என்பது பல நாடுகளின் விதி. சாய்வு போனால் விதியும் காகிதத்தோடு சரி.

விரிப்பின் தரம் தொழிற்சாலையில் அல்ல, தளத்தில்தான் முடிவாகிறது. இரண்டு விரிப்புகளை இரட்டை வரியாக உருக்கி ஒட்டும்போது நடுவில் மெல்லிய காற்றுப்பாதை விடுவார்கள். இரு முனைகளையும் அடைத்து, ஊசி வழியாகக் காற்றை ஏற்றி, சில நிமிடம் அழுத்தமானியின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பது சோதனை. அதோடு முடிந்தது என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். மறுமுனையை வெட்டி, காற்று புஸ்ஸென்று வெளியேறுகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் பாதை நடுவில் அடைத்திருக்கிறது, பாதி நீளம் சோதிக்கப்படவே இல்லை. ஓட்டை விழுவதும் பெரும்பாலும் ஒட்டும்போது அல்ல. மேலே ஜல்லி பரப்பும் வண்டியால்தான். அதனால் ஜல்லி போட்ட பிறகு மின்சார முறையில் கசிவு தேடும் சோதனையை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடச் சொல்கிறேன்.

வாயுவை எல்லோரும் கடைசியில்தான் நினைக்கிறார்கள். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 விழுக்காடு வரை இருந்தால் வெடிக்கும். அது மேலே மட்டும் போவதில்லை. மேற்பரப்பை இறுக்கி மூடினால், மேட்டை உயர்த்தினால், பக்கவாட்டில் பாறை வெடிப்புகள் வழியே நகரும். 1986 மார்ச்சில் இங்கிலாந்தின் லாஸ்கோவில் கிடங்குக்கு அருகே இருந்த ஒரு வீடு இப்படித்தான் வெடித்துச் சிதறியது. வளிமண்டல அழுத்தம் வேகமாக இறங்கிய நேரத்தில் நிலத்துக்குள் இருந்த வாயு வெளியே இழுபட்டது. அழுத்தம் ஏறியிருக்கும் நல்ல வெயில் நாளில் மட்டும், வாயுவை அளக்கக் கிடங்கின் எல்லையில் இறக்கிய குழாய்களை அளந்துவிட்டு 'மீத்தேன் இல்லை' என்று எழுதுவது ஏமாற்று. அழுத்தம் இறங்கும் நாளிலும் அளக்க வேண்டும். விரிவாக்கப் பணியின்போது பழைய வாயுக் குழாய்கள் மண்ணில் புதைந்து செயலிழப்பதும் அடிக்கடி நடக்கிறது. மேடு உயர உயர அவற்றையும் உயர்த்த வேண்டும்.

நிலத்தடி நீருக்கு வருவோம். பணி தொடங்கும் முன்பே, நிலத்தடி நீரோட்டம் கிடங்குக்குள் வரும் மேடுபுறம், வெளியேறும் தாழ்புறம் இரண்டிலும் கண்காணிப்புக் கிணறுகள் இருந்து, மழைக்காலம் கோடைக்காலம் இரண்டின் அளவுகளும் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னாளில் மாசு தெரிந்தால், பழைய கிடங்கு காரணமா புதியதா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் குழப்பம் சிலருக்கு வசதியாகவும் இருக்கிறது. குளோரைடு மண்ணில் ஒட்டாமல் நீரோடு போவதால் முதலில் அதுதான் காட்டிக்கொடுக்கும். அம்மோனியா பின்னால் வந்தாலும் பல பத்தாண்டுகள் நிற்கும்.

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் 'அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது' என்ற சொற்றொடரை ஏற்க வேண்டாம். கிணறு வாரியாக, தேதி வாரியாக எண்களைக் கேளுங்கள். மேட்டுக்குள் நீர்மட்டம் கடைசியாக எப்போது அளக்கப்பட்டது, அடிவாரத்தில் குப்பை பொறுக்குபவர்களும் குடியிருப்பவர்களும் சரிவு பாயக்கூடிய தூரத்துக்குள் இருக்கிறார்களா என்றும் கேளுங்கள். மூடிய பிறகு கண்காணிக்கும் பணம் எங்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம்; பல நாட்டு விதிகள் மூடலுக்குப் பின் 30 ஆண்டு பராமரிப்பைக் கேட்கின்றன, விரிவாக்கம் அந்த 30 ஆண்டின் தொடக்கத்தைத் தள்ளிப்போடுகிறது.