இரவுப் பறப்பில் கருவி காட்டாதவை

குளுவாங் பட்டணத்தைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் குடியிருப்பவர்களுக்கு இரவில் தாழப் பறக்கும் ஹெலிகாப்டரின் ஓசை புதிதல்ல. மலேசியத் தரைப்படையின் வான் பிரிவு இவ்வூரைத் தளமாகக் கொண்டு இயங்கி வருகிறது. நான் ஹெலிகாப்டர் பராமரிப்பிலும் பின்னர் பறப்புப் பாதுகாப்புப் பயிற்சியிலும் பணியாற்றியவன் என்பதால், "கும்மிருட்டில் எப்படி அண்ணே ஓட்டுகிறார்கள்?" என்று கல்யாண வீட்டுப் பந்தியில்கூடக் கேட்பார்கள். இரவுக் காட்சிக் கண்ணாடி என்று சொன்னால், அது இரவைப் பகலாக்கிவிடும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி ஆக்குவதில்லை. புதிய பாதுகாப்புக் கருவி ஒன்று வரும்போது, அது எதைக் காட்டாது என்பதைக் கற்பிக்கும் பயிற்சியும் கூடவே வந்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அக்கண்ணாடி விண்மீன்களின் மங்கிய ஒளியையும் நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிரையும் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும். ஆனால் வெறும் கண்ணுக்குக் கிடையாகச் சுமார் 200 பாகை விரியும் காட்சி, அதனுள் 40 பாகையாகச் சுருங்கிவிடும். தொலைவை மதிப்பிடும் திறனும் குறையும். விமானி தலையை ஓயாமல் இருபுறமும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். தலைக்கவசத்தின் முன்னால் கண்ணாடியும் பின்னால் அதைச் சமன்செய்யும் எடையும் தொங்குவதால் முதலில் வலி எடுப்பது கழுத்துதான்.

உயரமான கோபுரங்களின் உச்சியில் விமானிகளை எச்சரிக்க எரியும் சிவப்பு விளக்கின் கதை இன்னும் சிக்கலானது. விமானி அறையின் சொந்த விளக்குகள் கூசாமலிருக்கக் கண்ணாடியில் ஒரு வடிகட்டி உண்டு. பரவலாகப் புழங்கும் ஒரு வகையில் அது 665 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளங்களைத் தடுத்துவிடும். கோபுர உச்சிகளில் எரிந்த பழைய இழை பல்புகள் அகச்சிவப்பையும் உமிழ்ந்ததால் கண்ணாடியில் பளிச்சென்று தெரிந்தன. அவற்றுக்குப் பதிலாக வந்த சிவப்பு எல்.இ.டி. விளக்குகள் பலவற்றின் ஒளி அந்த எல்லைக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. வீட்டு வாசலில் நிற்பவருக்குத் தெரியும் விளக்கு, கண்ணாடி அணிந்த விமானிக்குத் தெரியாமல் போகலாம். இதுபற்றி அமெரிக்கக் கூட்டரசு விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2009-இல் எச்சரிக்கை வெளியிட்டது. அகச்சிவப்பையும் சேர்த்து உமிழும் விளக்குகள் பின்னர் வந்தன. ஆகவே கண்ணாடியின் விளிம்புக்குக் கீழே வெறும் கண்ணாலும் பார்க்க விமானிகளைப் பழக்குகிறோம்.

மின்கம்பியோ எந்த விளக்கும் இல்லாதது. கம்பியைத் தேடாதே, கோபுரத்தைத் தேடு, கோபுரத்துக்கு மேலாகவே கடந்து செல் என்பது பாடம். ஹெலிகாப்டர் மூக்கின் மேலும் கீழும் பொருத்தப்படும் கம்பிவெட்டிக் கத்திகள் உயிர் காத்திருக்கின்றன. எனினும் போதிய வேகத்தில் கம்பி நேர்முன்னே வந்து மாட்டினால்தான் அவை வெட்டும். வால் சுழலியில் சிக்கும் கம்பிக்கு அவற்றால் பயனில்லை.

பராமரிப்பிலும் இதே நிலைதான். கியர்பெட்டி எண்ணெயில் அமர்ந்து உலோகத் துகளைப் பிடிக்கும் காந்தச் செருகியைக் கழற்றி வெள்ளைத் துணியில் துடைக்கும்போது, மாவு போன்ற கருந்தூள் மட்டும் ஒட்டினால் அது வழக்கமான தேய்மானம். மினுக்கும் செதில் ஒன்று கிடைத்தால், அதன் காரணம் தெளியும்வரை ஹெலிகாப்டர் தரையைவிட்டு எழாது. அதிர்வைப் பதிந்து ஆராயும் கண்காணிப்புக் கருவிகள் இன்று இதற்குத் துணையாக உள்ளன. இருந்தும் 2016 ஏப்ரல் 29 அன்று நார்வேயில் ஒரு எச்225 ஹெலிகாப்டரின் கியர்ச் சக்கரம் ஒன்றில் உள்ளுக்குள் வளர்ந்த விரிசலை இரண்டு முறைகளுமே முன்கூட்டிக் காட்டவில்லை. சுழலி கழன்று 13 பேர் மாண்டனர். நம் ஆகாயப் படையின் இசி725 அதே குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், அந்த விசாரணை அறிக்கை நாம் வரி வரியாகப் படிக்க வேண்டிய ஒன்று.

தோட்டத்து மக்களுக்கும் இதில் பங்குண்டு. லேசர் ஒளியைப் பிள்ளைகள் விளையாட்டாக மேலே பாய்ச்சினால், கண்ணாடியில் அது பெரிய ஒளித்திட்டாகப் பரவிச் சில நொடிகளுக்குக் காட்சியை மறைத்துவிடும். தாழப் பறக்கையில் அந்தச் சில நொடிகளே அதிகம். மருந்து தெளிக்க ட்ரோன் அமர்த்தும் நிர்வாகங்கள், விமானத் தளத்தின் அருகிலும் 400 அடிக்கு மேலும் பறக்க மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி தேவை என்பதை மண்டோருக்கும் சொல்லிவைக்க வேண்டும். அலுவலகக் கூரையில் புதிதாக வானொலிக் கம்பம் நட்டாலும், பள்ளத்தாக்கின் குறுக்கே கம்பிவடம் இழுத்தாலும், அதன் உயரத்தையும் இடத்தையும் விமானத் தளத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். வரைபடத்தில் அது ஏறிவிட்டால், அன்றிரவு கிளம்பும் குழு பறப்புக்கு முந்திய விளக்கக் கூட்டத்திலேயே அதைக் குறித்துக்கொள்ளும்.