பழைய சிறு கப்பலில் ‘எல்லாம் அடக்கம்’: பதிவு செய்யுமுன் பார்க்க வேண்டியவை

5,000 பேர் ஏறும் சுற்றுலாக் கப்பலில் ஒருமுறை போய் வந்தவர்கள் அடுத்த முறை கேட்பது பெரும்பாலும் இரண்டைத்தான்: எதற்கும் வரிசையில் நிற்கக் கூடாது, குடிக்கும் ஒவ்வொரு கோப்பைக்கும் தனியாகக் காசு கட்டக் கூடாது. 700, 900 பேரோடு நிறுத்திக்கொள்ளும் பழைய கப்பல்களில் இது பல நேரம் கிடைக்கும். கப்பலை முழுதாகச் சுற்றி வர மரத் தளம், கடலைப் பார்த்த நூலகம், இரண்டாம் நாளே உங்கள் பெயரைத் தெரிந்துவைத்திருக்கும் பரிமாறுபவர் என்று நிதானமாகப் போகிற பயணம் அது. மனதாரப் பரிந்துரைக்கிறோம். ஆனால் ஏமாற்றம் வருகிற இடங்களும் திரும்பத் திரும்ப அதே இடங்கள்தான்.

முதலில், சிறிய கப்பல் என்பதாலேயே நெரிசல் இருக்காது என்று நினைக்காதீர்கள். கப்பலின் கிராஸ் டன்னேஜைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுங்கள். டன்னேஜ் என்பது இங்கே எடையல்ல, உட்புறக் கொள்ளளவு. விடை 30க்குக் கீழே என்றால் காலைச் சாப்பாட்டு நேரத்தில் நெருக்கம் தெரியும். 40ஐத் தாண்டினால் தாராளம். ரினைசான்ஸ் என்ற சுற்றுலாக் கப்பல் நிறுவனத்துக்காக 1998 முதல் 2001 வரை ஒரே அச்சில் எட்டு ‘ஆர்’ வகைக் கப்பல்கள் கட்டப்பட்டன. 2001இல் அந்த நிறுவனம் திவாலானது. கப்பல்கள் கைமாறி, பெயர் மாறித் தொடர்ந்து ஓடின. 30,277 டன்னுக்குச் சுமார் 700 பேர், அதாவது 43. இருந்தும் அவற்றின் சாதாரண கேபினில் குளியலறை மிகச் சிறியது. வகுத்து வரும் எண் கப்பல் முழுவதற்குமானது. உங்கள் கேபினின் சதுர மீட்டரைத் தனியாகக் கேளுங்கள்.

சிறிய கப்பல் உடலின் உண்மையான லாபம் துறைமுகத்தில்தான் தெரியும். 1993இல் கட்டப்பட்ட பிரேமார் என்ற கப்பல், 22.5 மீட்டர் அகலத்தோடு, 2019 அக்டோபரில் கிரேக்கத்தின் கொரிந்து கால்வாயைக் கடந்தது. அந்தக் கால்வாயின் அகலமே சுமார் 24 மீட்டர். பெரிய கப்பல் வெளியே நங்கூரமிட்டுப் படகில் ஆட்களை இறக்கும் பல ஊர்களில் சிறியது நேரே கரையணையும். இறங்கி நடந்தால் ஊர். ஆனால் திறந்த கடலில் அதே சிறு உடல் அதிகம் ஆடும். நீருக்கடியில் இருபுறமும் நீட்டியிருக்கும் பக்கவாட்டுத் துடுப்புகள் இடவல ஆட்டத்தைத்தான் குறைக்கும், முன்பின் ஆட்டத்தைக் குறைக்காது. கப்பல் நின்றுவிட்டால் பெரும்பாலும் எதையுமே குறைக்காது. குமட்டல் வருகிறவர்கள் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவில் கேபின் எடுங்கள்.

கேபினைத் தேர்ந்தெடுக்கும்போது தள வரைபடத்தில் மேல் தளத்தையும் கீழ்த் தளத்தையும் சேர்த்துப் பாருங்கள். தலைக்கு மேலே சமையற்கூடம் இருந்தால் விடியற்காலையில் வண்டி உருட்டும் சத்தம். கப்பலின் முன்முனைப் பக்கம் என்றால் துறைமுகம் நெருங்கும்போது கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் விசிறியும் நங்கூரச் சங்கிலியும் எழுப்பிவிடும். பின்பக்கம் என்றால் எஞ்சின் அதிர்வு. பழைய கப்பல்களில் உயிர்காக்கும் படகு ஜன்னலை மறைப்பது சகஜம்; ‘மறைக்கப்பட்ட காட்சி’ என்று எழுதியிருந்தால் விலை குறைவதற்குக் காரணம் அதுதான். பிளக் பாயின்ட் ஒன்றிரண்டுக்கு மேல் இருக்காது. சர்ஜ் பாதுகாப்புள்ள (திடீர் மின்னழுத்த உயர்வைத் தடுக்கும்) எக்ஸ்டென்ஷன் பெட்டியைக் கப்பலில் பொதுவாக அனுமதிப்பதில்லை. குளியலறை வாசலில் உயர்ந்த படி இருக்கும், எல்லாத் தளத்துக்கும் லிஃப்ட் போகாமலும் இருக்கலாம். சக்கர நாற்காலி தேவைப்படுபவர்கள் வாசல் அகலத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டிய ஆண்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பயணிகள் கப்பலுக்கு ஆண்டுதோறும் பாதுகாப்புச் சான்று புதுப்பிக்கப்பட வேண்டும். கேட்க வேண்டியது, கடைசியாக எப்போது உலர்துறையில் (பழுது பார்க்கக் கப்பலை நீரிலிருந்து எடுத்து நிறுத்தும் இடத்தில்) ஏற்றினார்கள், அப்போது மாற்றியது குழாயும் குளிர்சாதனமுமா, இல்லை கம்பளமும் திரையுமா என்பதை. ஏனென்றால் பழைய கப்பலில் முதலில் தகராறு செய்வது குளிர்சாதனமும் கழிவைக் காற்றால் உறிஞ்சும் வெற்றிட முறைக் கழிப்பறையும்தான். ஒருவர் ஈரத் துடைப்பானைப் போட்டால் அந்த வரிசைக் கேபின்கள் எல்லாம் அடைபடலாம். கப்பலின் ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண்ணை (ஒவ்வொரு கப்பலுக்கும் உள்ள தனி அடையாள எண்) வைத்து, கப்பல் விவரங்களைத் தரும் ‘ஈக்வாசிஸ்’ இணையதளத்தில் துறைமுகச் சோதனைகளில் தடுத்து வைக்கப்பட்டதா என்று இலவசமாகவே பார்க்கலாம். அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல் என்றால், அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 100க்கு இத்தனை என்று போடும் சுகாதார மதிப்பெண்ணும் பொதுவில் இருக்கிறது. 85ம் அதற்குக் கீழும் தோல்வி.

‘எல்லாம் அடக்கம்’ என்பதற்கு ஒரே பொருள் கிடையாது. பானங்கள் அடக்கமென்றால் எந்த வகை வரை, சாப்பாட்டு நேரத்தில் மட்டுமா? டிப்ஸ், வைஃபை, கரைச் சுற்றுலா, துணி துவைத்தல் உண்டா? கப்பல் மருத்துவரின் கட்டணம் பெரும்பாலும் தனி. நடுக்கடலிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்கும் செலவு பயணக் காப்பீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இதை மட்டும் தவறவிடாதீர்கள். தனியாகப் போகிறவர்கள் ஒற்றையர் கேபின் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். இரட்டைக் கேபினைத் தனியாக எடுத்தால் பல நேரம் இருவர் கட்டணத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

வானிலை கெட்டாலோ எஞ்சின் பழுதானாலோ ஒரு துறைமுகத்தை விட்டுவிட ஒப்பந்தம் கப்பலுக்கு இடம் கொடுக்கிறது. பல பழைய கப்பல்களின் உச்ச வேகம் 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கி.மீ.) அளவிலேயே நின்றுவிடுவதால், இழந்த நேரத்தை ஓடிப் பிடிக்க முடியாது. ஏறும் ஊருக்கு முந்தைய நாளே போய்விடுங்கள். இறங்கும் நாளில் மதியத்துக்கு முன் விமானம் எடுக்காதீர்கள்.