மெட்டஃபர்: உருவகம்

மெட்டஃபர் கிரேக்கச் சொல். ‘மெட்டா’ என்றால் அப்பால், ‘ஃபெரெயின்’ என்றால் சுமத்தல். ஒன்றின் பெயரை எடுத்துப்போய் இன்னொன்றின் மேல் ஏற்றுவது. கிரேக்க நாட்டில் வீட்டுச் சாமான் ஏற்றும் லாரிகளில் இன்றும் இந்தச் சொல்லைப் பார்க்கலாம்.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் உருவகம். வடமொழி ‘ரூபக’த்தின் தமிழ் வடிவம். தொல்காப்பியம் உவமைக்குத் தனி இயல் வைத்தது. உருவகத்தைத் தனி அணியாக வகுத்தவை தண்டியலங்காரம் போன்ற பிற்கால நூல்கள். மெட்டஃபருக்கு ‘உவமை’ என்று எழுதுவது தவறு, அது சிமிலி. ‘போல’ போனால் உருவகம் என்பதும் அரைகுறைச் சோதனைதான். ‘மலர்முகம்’ என்பதில் ‘போல’ இல்லை, ஆனாலும் அது உவமைத்தொகை. ‘முகமலர்’ என்று திருப்பினால்தான் உருவகம். தமிழில் சொல்வரிசையே வேலையை முடித்துவிடுகிறது.

ஹெர்மன் மெல்வில் 1851இல் வெளியிட்ட ‘மோபி டிக்’ என்ற திமிங்கில வேட்டை நாவலில், கதை சொல்லும் மாலுமி இஷ்மேலுக்கும் ஈட்டி எறியும் குவீக்வெக்குக்கும் உள்ள நட்பு உவமையில் தொடங்கி உருவகத்துக்கு நகர்கிறது. 4ஆம் அத்தியாயத்தில் இஷ்மேல் கண்விழிக்கும்போது குவீக்வெக்கின் கை அவன்மேல் கிடக்கிறது. பார்ப்பவர்கள் தன்னை அவன் மனைவி என்றே நினைத்திருப்பார்கள் என்கிறான். இது ஒப்பீடு மட்டுமே. 10ஆம் அத்தியாயத்தில் குவீக்வெக் நெற்றியோடு நெற்றி வைத்து, இனி நமக்கு மணமாயிற்று என்கிறான். அவன் ஊர் வழக்கில் அதற்கு உயிர்த்தோழர் ஆனோம் என்று பொருள். ‘எ பூசம் ஃப்ரெண்ட்’ என்ற அந்த அத்தியாயத் தலைப்பைச் சொல்லுக்குச் சொல் ‘மார்பு நண்பன்’ என்று பெயர்த்தால் சிரிப்புதான் வரும். உயிர்த்தோழன் என்பதே சரி.

72ஆம் அத்தியாயத்தின் குரங்குக் கயிறுதான் (‘மங்கி ரோப்’) உச்சம். கப்பலோடு கட்டிய திமிங்கிலத்தின் முதுகில், தளத்துக்குச் சுமார் 10 அடி கீழே, பாதி நீரில் நின்று குவீக்வெக் வேலை செய்கிறான். சுற்றிலும் சுறாக்கள். கயிற்றின் ஒரு முனை அவனுடைய அகலமான கித்தான் இடுப்புவாரில், மறுமுனை மேலே நிற்கும் இஷ்மேலின் ஒடுங்கிய தோல்வாரில். அவன் மூழ்கினால் கயிற்றை அறுக்கக் கூடாது, இவனும் கூடவே போக வேண்டும். இருவருக்கும் மணமாகிவிட்டது, பிரிக்க முடியாத இரட்டையர், இருவரே பங்குதாரர்களான கூட்டுப் பங்கு கம்பெனி என்று உருவகங்களை அடுக்குகிறான் இஷ்மேல். இரட்டையர் என்றதும் அன்றைய வாசகர்களுக்கு 1811இல் சயாமில் உடல் ஒட்டிப் பிறந்த சாங், எங் சகோதரர்கள் நினைவுக்கு வந்திருப்பார்கள். கம்பெனி உருவகம் வறட்சியாகத் தெரியலாம். ஆனால் ஒருவன் தவறினால் மற்றவனுக்கும் நட்டம் என்பதை அதைவிடக் கறாராகச் சொல்ல முடியாது.

மொழிபெயர்ப்பவர் வழுக்குவது இங்கேதான். கயிறும் மணமும் அருகருகே வந்தால் தமிழ்க் காதில் தாலி விழுந்துவிடும். மூலத்தில் இருப்பது கிறித்தவத் திருமண உறுதிமொழியின் எதிரொலி, ‘நன்மையானாலும் தீமையானாலும்’ என்ற தொடர். தாலி ஒருவர் கழுத்தில் மட்டும் ஏறுவது; குரங்குக் கயிறோ இரு முனையிலும் கட்டப்பட்டது. ‘மூன்று முடிச்சு’ என்று எழுதிவிட்டால் உருவகம் ஒரு பக்கம் அவிழ்ந்துபோகும்.

இரு முனையும் கட்டும் இந்த வழக்கம் எல்லாக் கப்பல்களிலும் இல்லை, இவர்கள் இருவரும் போகும் பீக்வாட் கப்பலில் மட்டும்தான் என்று மெல்வில் அடிக்குறிப்பு போடுகிறார். மேலே நிற்பவன் அசட்டையாக இருந்துவிடாதபடி அதைக் கொண்டுவந்தவன் அக்கப்பலின் இரண்டாம் மேட், அதாவது கேப்டனுக்குக் கீழுள்ள அதிகாரிகளில் ஒருவனான ஸ்டப்.